காலர் திருப்பிய சட்டை

மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு முதல் சட்டையை உருவியபோதே சூசை மேரியின் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. கண் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரல் காலரின் மடிப்புக்குள் போய் அந்தத் தையலைத் தடவியது. நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. காலரின் ஓரம் நைந்துபோனதும் அதைப் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மறுபடி வைத்துத் தைத்திருந்தது. நீல நூல் பாதியில் தீர்ந்துபோனதால் கடைசி நான்கு விரற்கடைக்குக் கறுப்பு நூல். அதை ஓட்டியவள் அவள்தான். மூன்றாவது பொத்தான் மற்றவற்றைவிட ஒரு சுற்று பெரியது. அதைத் தைத்தவளும் அவள்தான். அவள் புருஷன் பிரான்சிஸின் சட்டை அது.

சட்டையை மடியில் போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், முன்னாளில் அரிசி கோடவுனாக இருந்த அந்தக் கொட்டகையில் பதினோரு பெண்கள் துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகளிர் சங்கம் நடத்தும் வேலை. சங்கத்து வேன் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தெருத்தெருவாகப் போய்ப் பழைய துணியை வாங்கி வரும். போடக்கூடியது ஒரு குவியல், பை தைக்க ஆகிறது ஒரு குவியல், ஒர்க்ஷாப்பில் எண்ணெய் துடைக்க ஆகிறது இன்னொன்று. எதற்கும் ஆகாதது மெத்தைக்குள் போகும். சுவரோரம் நான்கு தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். யாரோ கல்யாணத்துக்குக் கட்டிய புடவை மஞ்சள் சாயம் ஏறி மளிகைக்கடைப் பையாகிவிடும். பேண்ட் துணி என்றால் அது பையின் கைப்பிடிக் காதுக்குப் போகும், நாலு கிலோ உருளைக்கிழங்கு தாங்கும். ஐந்து வருஷமாக இந்த வேலையில் இருக்கும் சூசை மேரிக்கு ஒரு மூட்டையைப் பிரித்தால் அந்த வீட்டையே பிரித்துப் பார்த்த மாதிரி. மாமியாருக்கு மருமகள் துவைத்துப் போடுகிறாளா, குழந்தைக்குப் பால்குடி மறந்துவிட்டதா, வீட்டுக்காரன் வெயிலில் வேலை செய்கிறவனா நிழலில் உட்காருகிறவனா எல்லாம் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறாள்.

இன்று அவள் சட்டையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பிரான்சிஸ் வேலைக்குப் போகும்போது இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான். விழுப்புரத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடையில் வேலை. காலையில் ரயில் ஏறினால் திரும்பி வர ஏழாகும். அன்றைக்கு ஒன்பதுக்கு வந்தான். மேலே வேறு சட்டை. காப்பிக் கலர், தோளில் இறுகிக் கிடந்தது. "காயிலுக்கு அடிக்கற வார்னிஷ் டப்பா சாஞ்சிடுச்சு மேரி. துணிக்கு ஆவாதுன்னு அங்கியே தூக்கிப் போட்டுட்டேன். மொதலாளி அவரு சட்டை ஒண்ணு குடுத்தாரு" என்றான். காலர் திருப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கச் செலவழித்தவள் என்பதால் அவளுக்கு வருத்தமாக இருந்தது. அவ்வளவுதான். மறந்தும்விட்டாள்.

இப்போது சட்டையைப் பரத்திப் பார்த்தாள். முன்பக்கம், முதுகு, கக்கம். ஒரு சொட்டு வார்னிஷ் இல்லை. துவைத்து, கஞ்சி இல்லாமல் இஸ்திரி போட்டு, கை மடிப்புக் கத்தி போல் நிற்க, யாரோ பத்திரமாக வைத்திருந்த சட்டை.

மூட்டையே ஒரு பழைய நைட்டியில் கட்டப்பட்டிருந்தது. அப்படியென்றால் அது ஒரே வீட்டுத் துணி. மிச்சத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். இன்னொரு நைட்டி. உயரமான, ஒல்லியான பெண்ணுடையது. சாயம் போன ஒரு சுடிதார். பச்சைக் கட்டம் போட்ட பள்ளிக்கூடச் சீருடை, ஏழு வயதுப் பெண்பிள்ளைக்கு ஆகும். பிள்ளை வளர வளர அடிமடிப்பை இரண்டு தடவை இறக்கிவிட்டிருந்தார்கள். பழைய மடிப்புகளின் கோடு இரண்டும் அப்படியே தெரிந்தன. ஆண் துணியாக இன்னும் மூன்று சட்டை, இரண்டு பேண்ட். பேண்டின் இடுப்பு முப்பது. பிரான்சிஸுக்கு முப்பத்தாறு. ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே, அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் ஒருத்தன் இருந்திருப்பான், அவன் விட்டுப் போயிருப்பான், அப்புறம்தான் இவன் போய் ஒட்டிக்கொண்டிருப்பான் என்று மனம் தானாகவே ஒரு கதையைத் தைத்து முடித்துவிட்டது. சூசை மேரிக்கும் பிரான்சிஸுக்கும் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். பிள்ளை இல்லை. அந்தப் பச்சைச் சீருடையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை.

"இன்னா மேரி, எடுத்தத மடியிலியே போட்டுக்கினு குந்திக்கினு இருக்கற?" பக்கத்தில் இருந்த கோவிந்தம்மாள் கேட்டாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். வாயில் வெற்றிலை அடங்கியிருந்தால்தான் கண் வேலை செய்யும் என்பாள்.

"பொத்தான் நல்லாருக்குக்கா. அறுக்கலாமான்னு பாக்கறேன்."

"பொத்தானப் பாக்கறவ ஏன் சட்டைய மோந்து பாக்கற?"

மோந்து பார்த்தது அவளுக்கே தெரியாது. சோப்பு வாசனைதான் இருந்தது. அவள் வீட்டுச் சோப்பு இல்லை.

மத்தியானம் மற்றவர்கள் கை கழுவப் போனபோது சட்டையைச் சுருட்டி வயர்கூடைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தாள். கொட்டகையிலிருந்து ஒரு துண்டுத் துணிகூட வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

சாயந்தரம் வேன் டிரைவர் மணிமாறன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அவனிடம் போனாள்.

"தம்பி, நைட்டில கட்டுன மூட்டை ஒண்ணு வந்துச்சே, அது எந்தத் தெரு?"

"விழுப்புரம். கீழ்ப்பெரும்பாக்கம் பக்கம். அந்த மூட்டைய மறக்கவே முடியாதுக்கா. அந்தப் பொம்பள எங்கையில குடுக்க மனசில்லாம புடிச்சிக்கினே நின்னுச்சு. இத்த யாருக்குனா போட்டுக்கக் குடுப்பீங்களா, கிழிப்பீங்களான்னு கேட்டுச்சு. ரெண்டும் செய்வோம்மான்னேன். இத்தக் கிழிச்சிடுங்க, யாரும் போட்டுக்கினு இந்தப் பக்கம் திரியக்கூடாதுன்னுச்சு."

"எப்பிடி இருந்தா?"

"ஒசரமா, ஒல்லியா. முப்பது முப்பத்திரண்டு இருக்கும். ஏங்க்கா, பாக்கெட்ல எதனா கெடைச்சிச்சா?"

"இல்லப்பா. சும்மாதான்."

கிழித்துவிடச் சொன்னாளாமே. சட்டை முழுசாக இருந்தால் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று தெரிந்தவள்தான் அப்படிச் சொல்வாள். பஸ்ஸில் வரும்போது சூசை மேரி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குத் தீனி தேட வேண்டியதில்லை. போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் பிரான்சிஸ் ஒரு துணிக்கடைப் பையோடு வந்தான். உள்ளே சின்னப் பெண்ணுக்கு ஆகிற பாவாடை சட்டை. மொதலாளி வாங்கி வரச் சொன்னார் என்றான். மொதலாளிக்கு இரண்டும் பையன்கள் என்று அவனே எப்போதோ சொல்லியிருக்கிறான். சனிக்கிழமைகளில் டிபன் பாக்ஸ் கனமாகவே திரும்பி வருகிறது. கேட்டால், கடையில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள் என்கிறான். எந்தக் கடை முதலாளி வாராவாரம் பிரியாணி வாங்கிக் கொடுப்பான்?

அன்றைக்கு வியாழக்கிழமை. ராத்திரி அவன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏங்க, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை ஒண்ணு இருந்துச்சே. நான் காலர் திருப்பிக் குடுத்தது."

அவன் கை தட்டில் நின்றது. இல்லை, தண்ணீர்ச் செம்பை எடுக்கத்தான் நின்றதோ என்னவோ.

"அதுலதான் வார்னிஷ் கொட்டிடுச்சே."

"முழுசாவா?"

"முழுசா. முதுகெல்லாம் ஆயிடுச்சு. குப்பையோட குப்பையா அங்க எரிச்சிட்டாங்க. ஏன், இப்ப எதுக்கு அது?"

"அந்த மாதிரி ஒரு சட்டை இன்னிக்கி வந்துச்சு. அதான் நெனப்பு வந்துச்சு."

"அந்த மாதிரி ஆயிரம் சட்டை இருக்கும் மேரி" என்றான். குழம்பு கேட்டான். அவள் ஊற்றினாள். முன்பு தூக்கிப் போட்டேன் என்றவன் இப்போது எரித்தே விட்டான். அந்தச் சட்டை அவன் முதுகுக்குப் பின்னால், ஆணியில் மாட்டிய வயர்கூடைக்குள் இருந்தது. எழுந்து எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டால் போதும். ஆனால் போட்டால் அவன் இன்னொரு பொய் சொல்வான். அதையும் நம்புவதுபோல் தலையாட்ட வேண்டியிருக்கும். அந்த வீட்டை, அந்த உயரமான பெண்ணைத் தன் கண்ணால் பார்த்த பிறகு பேசுவதுதான் சரி என்று தோன்றியது. அவனுக்கு அப்பளம் வைத்தாள்.

சனிக்கிழமைதான் விழுப்புரத்துக்கு வேன் போகும் நாள். வழக்கமாக வேனோடு போய் வீடு வீடாகத் துணி கேட்கிற பெண்ணிடம், நீ இன்றைக்கு என் இடத்தில் உட்கார், நான் போய் வருகிறேன் என்றாள். கோவிந்தம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"வெயில்ல உனக்கு ஒத்துக்காதுன்னு சொல்லுவியே."

"ஒருநாள்தானேக்கா."

"பாத்துட்டு வா. ஆனா பாக்கணும்னு போனா எதனா ஒண்ணு கண்ணுல படத்தான் படும். அத்தயும் நெனச்சிக்கோ."

வேன் விக்கிரவாண்டி தாண்டி, முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையின் புளித்த வாசனைக்குள் புகுந்து வெளியேறியது. மணிமாறன் கரும்பு லாரிகளைத் திட்டிக்கொண்டே ஓட்டினான். சூசை மேரி மடியில் வயர்கூடையைக் கட்டிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் என்ன கேட்பது என்று சொற்களை அடுக்கி அடுக்கிப் பார்த்தாள். 'இது யாரு சட்டைம்மா' என்று ஒன்றும் தெரியாதவள்போல் ஆரம்பிக்கலாம். அவள் முகம் மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டால் போதும். அதற்கு மேல் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டரை மணிக்குத்தான் அந்தத் தெருவுக்குள் திரும்பினார்கள். 'பழைய புடவை, பேண்டு, சட்டை, போர்வை, எதுவா இருந்தாலும் குடுங்க, பையா தைக்கறோம்' என்று ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரல் ஓடிக்கொண்டிருந்தது. மணிமாறன் நீல கேட் போட்ட ஒரு வீட்டைக் காட்டி, "அதுதான்க்கா" என்றான். பெரிய வீடு ஒன்றைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்து வாடகைக்கு விட்டதில் பாதி. சூசை மேரி இறங்கி நடந்தாள். கேட் கம்பிகளுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இரட்டைப் பின்னல். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"மாமா வண்டின்னு பாத்தேம்மா. துணி வண்டி" என்று அது உள்பக்கம் திரும்பிச் சொன்னது.

மாமாவாம். அம்மாவோடு இருக்கிறவனையும் பிள்ளைகள் மாமா என்றுதான் கூப்பிடும்.

"போன வாரம்தானே எல்லாத்தையும் குடுத்தேன்" என்றபடி, ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பெண், கேட்டுக்கு இரண்டடி முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். சூசை மேரியும் நின்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் இளைத்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. ஆனால் அந்தப் புருவமும், பேசுவதற்கு முன் கீழுதட்டைக் கடிக்கிற வழக்கமும் அப்படியே இருந்தன. பிரான்சிஸுக்கும் அதே வழக்கம் உண்டு.

வெனிலா. பிரான்சிஸின் கூடப்பிறந்த ஒரே தங்கை.

"என்னா அண்ணி" என்றாள் வெனிலா. "திரும்ப எதனா காணாமப் போயிடுச்சா?"

தாயும் தகப்பனும் போன பிறகு வெனிலா அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அனந்தபுரத்துக்காரன் ஒருவன், திருமுருகன் என்று பெயர், மினி பஸ் ஓட்டுகிறவன், அவனோடு பழக்கமாகி, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அன்று மத்தியானமே சூசை மேரி, தன் அம்மா போட்ட ஜிமிக்கி இரண்டும் அரிசி டிரம்முக்குள் வைத்த டப்பாவில் இல்லை என்பதைக் கண்டாள். வீட்டுக்குள் சொல்லியிருக்கலாம். தெருவில் நின்று சொன்னாள். கோயில் படிக்கட்டில் சொன்னாள். அதுவும் போதாமல் பிரான்சிஸையும் இழுத்துக்கொண்டு பஸ் பிடித்து அனந்தபுரம் போய், திருமுருகனின் அப்பன் வீட்டு வாசலில், சந்தைக்கு வந்த சனம் கூடிப் பார்க்க, திருட்டு முண்டையை மருமகளாக்கிக்கொண்டீர்களே என்று கத்தினாள். திரும்பி வரும்போது பிரான்சிஸ் பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நீ பாத்தியா மேரி?" அவள், "பாக்கணுமா? வேற யாரு எடுப்பா?" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வெனிலாவின் பெயரை யாரும் சொன்னதில்லை. ஜிமிக்கியும் கிடைக்கவில்லை.

இப்போது, வேனில் அடுக்கி வைத்த சொற்கள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. வயர்கூடையிலிருந்து சட்டையை எடுத்து கேட்டுக்கு மேலாக நீட்டினாள்.

வெனிலா அதை வாங்கவில்லை. பார்த்தாள். காலரைப் பார்த்தாள்.

"இது அண்ணனுது. எப்பிடி இது போச்சு?" என்று தனக்குத்தானே சொன்னாள். "அவரு துணியெல்லாம் ஒண்ணா அடுக்கி வச்சிருந்தேன். கண்ண மூடிக்கினு எடுத்துப் போட்டேன். அதோட போயிருக்கும்."

"அவரு துணின்னா?"

வெனிலா கொஞ்சம் விலகி நின்றாள். திறந்திருந்த கதவு வழியாக உள்சுவர் தெரிந்தது. சுவரில் திருமுருகனின் போட்டோ. மேலே பிளாஸ்டிக் மாலை. சின்ன சிவப்பு பல்பு.

"விடியகாலைல பைபாஸ்ல லாரிக்காரன் அடிச்சிட்டான். ஒன்றரை வருஷம் ஆவுது" என்றாள். "அவரு வீட்ல இருந்து யாரும் ஜல்தில வரல. அண்ணனுக்குப் போன் போட்டேன், அதுதான் ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு வந்துச்சு. அந்தச் சட்டையோடதான் தூக்குச்சு. முன்னாடியெல்லாம் ரத்தம் ஆயிடுச்சு. எல்லாம் முடிஞ்சி இங்கதான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினுச்சு. மாத்திக்கறதுக்குத் துணி இல்ல. அவரு சட்டையதான் எடுத்துக் குடுத்தேன். காப்பிக் கலரு. தீபாவளிக்கு எடுத்தது, ஒருதரம்தான் போட்டாரு."

இன்று காலையில்கூட சூசை மேரி அந்தக் காப்பிக் கலர் சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். தோளில் பிடிக்கிறதே, எடுத்துப் போட்டுவிடலாமே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இருக்கட்டும், நல்ல துணி என்பான். அந்தச் சட்டையை ஒன்றரை வருஷமாக அவள் துவைத்திருக்கிறாள், அலசியிருக்கிறாள், கொடியில் போட்டிருக்கிறாள். துணியைப் பார்த்து ஊரான் வீட்டுக் கதையெல்லாம் சொன்னவளுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கு யாரும் சொல்லலியே வெனிலா."

"நான் சொல்லச் சொன்னேன். அண்ணிக்குச் சொல்லு, என்னா இருந்தாலும் சாவுன்னு. அண்ணன்தான் வேணாம்னுச்சு." வெனிலா கீழுதட்டைக் கடித்தாள். "சொன்னா நீங்க வந்து சண்டை போடுவீங்கன்னு இல்ல. சொல்லியும் வராம இருந்துட்டீங்கன்னா, அப்பறம் உங்க கையால எப்பிடி சோறு வாங்கித் துன்றதுன்னு கேட்டுச்சு."

வேனிலிருந்து மணிமாறன், "அக்கா, அடுத்த தெருவுக்குப் போலாமா?" என்று கூப்பிட்டான். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள். ஒலிபெருக்கி தன்பாட்டுக்குப் பழைய புடவை கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ போய்க்கினே இரு தம்பி. நான் வர்றேன்" என்றாள் சூசை மேரி.

வெனிலா எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்தாள். "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

"யாரும்மா இவங்க?" என்று பிள்ளை கேட்டது.

வெனிலா கேட்டின் கொண்டியை மறுபடி மாட்டினாள். "மாமா வூட்டு அத்தை" என்றாள். "கலைப்பிரியா, அந்தச் சேர எடுத்துப் போடு."

ஒரே அறைதான். கட்டில் இல்லை, சுருட்டிய பாய். ஒரு பீரோ, அதன் கண்ணாடியில் பிள்ளை ஒட்டிய பூ ஸ்டிக்கர்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு. சோறு கொதிக்கும் மணமும் கருவாட்டுக் குழம்பின் மணமும் வந்தன. கருவாட்டுக் குழம்பு என்றால் பிரான்சிஸுக்கு உயிர். தரையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு.

"சனிக்கெழம ஒரு மணிக்கு அண்ணன் கடை மொபெட்ட எடுத்துக்கினு சாப்பிட வரும்" என்றாள் வெனிலா, அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து. "உங்களுக்குத் தெரிஞ்சி வராம இருந்துடுமோன்னு எனக்கு எப்பவும் பயம். அதுக்குத்தான் வந்தீங்களா அண்ணி? நிறுத்தறதுக்கு?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

புருஷன் வைத்துக்கொண்டவளைப் பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? சூசை மேரி தண்ணீர் கேட்டாள். கலைப்பிரியா ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தது. குடித்துக்கொண்டே அவள் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்து அழுத்திக்கொண்டு, இரண்டு பின்னலையும் முன்னால் போட்டுக்கொண்டு, இவளை வேடிக்கை பார்த்தபடி நின்றது. பிரான்சிஸின் நெற்றி. பிரான்சிஸின் அம்மாவின் முகவாய். எல்லாம் பார்த்துக்கொண்டே வந்த சூசை மேரியின் கண், அவள் ஏவாமலே, பிள்ளையின் காதுக்குப் போனது. இடது காது. பிறகு வலது காது. வளையல் கடையில் அட்டையில் குத்தி விற்கிற ரோஸ் நிற பிளாஸ்டிக் தோடு.

கண்ணை எடுத்தபோது வெனிலா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எதிர்பார்த்தது வந்து சேர்ந்த மாதிரி ஒரு சலிப்பு.

"கெடைச்சிச்சா அண்ணி? அந்த ஜிமிக்கி?"

"இல்ல."

"ம்."

இல்லை என்பதோடு இன்னும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நீ எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். ஆனால் தெரியாது. ஒன்பது வருஷமாகத் தெரியாது, இன்றும் தெரியாது. எடுத்திருந்தாலும் போகிறது என்று சொல்லலாம். அதைவிட மோசமான சொல் வேறு இல்லை. பாயைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், மடியில் இருந்த நீலச் சட்டையை நான்காக மடித்தாள், மறுபடி பிரித்தாள். அதன் முன்பக்கத்தில் என்ன ஆகியிருந்தது, அதை இவள் எத்தனை தண்ணீரில் அலசியிருப்பாள் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. சட்டையைப் பக்கத்தில் இருந்த ஸ்டூலின் மேல் வைத்தாள்.

உள்ளே சோறு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

"கஞ்சி வடிச்சிட்டு வர்றேன்" என்று வெனிலா எழுந்தாள். சமையல்கட்டுக்குப் போகத் திரும்பியவள், வழியில் பீரோவுக்கு முன்னால் நின்றாள். சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவசரப்படாமல், மறைக்காமல், அதைத் திருப்பிப் பூட்டி உருவி, நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டின் முனையில் முடிந்துகொண்டாள். பிறகு உள்ளே போனாள்.

கலைப்பிரியா கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாக்பீஸால் தரையில் கட்டம் போட ஆரம்பித்தது. நடுநடுவே தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தது.

சூசை மேரி எழுந்து, நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். சமையல்கட்டில் நிற்கிறவளுக்குத் தடுப்பு மறைக்காத இடம். அங்கே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டாள். கஞ்சி வடிகிற சத்தம் நின்றது. தெருமுனையில் ஒரு மொபெட் திரும்பும் சத்தம் கேட்டது. பிள்ளை சாக்பீஸைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடியது.